வட்டத்தில் நாண், கிட்டாரில் கோட், கூரையிலும் கோட்: மூன்றும் ஒன்றா?

கல்லடிக் கரை:

வணக்கம். கல்லடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், ஜன்னல் கிறில், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகமான ட்ரஸ், இவைதான் என் வேலை. மகள் இந்த வருசம் சாதாரண தரப் பரீட்சை எடுக்கிறாள். கோயில் பாடகர் குழுவில் கிட்டாரும் வாசிப்பாள்.

நேற்று இரவு அவள் கணிதக் கொப்பியில் "வட்டத்தின் நாண்கள்" பாடத்தைச் செய்துகொண்டிருந்தாள். அதே மேசையில் நான் ஒரு ட்ரஸ் வரைபடத்தை விரித்து வைத்து இரும்புக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கீழே படுக்கையாகப் போகும் குழாய்க்குப் பொட்டம் கோட் என்றும், மேலே சரிந்து போகும் குழாய்க்கு டொப் கோட் என்றும் போட்டிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, கிட்டாரில நாங்க பிடிக்கிற கோட், உங்கட படத்தில இருக்கிற கோட், என்ட புத்தகத்தில இருக்கிற நாண், மூன்டுக்கும் இங்கிலிஷில chord என்டு ஒரே சொல்லாம். அப்ப தமிழில மூன்டையும் நாண் என்டு சொல்லலாமா?"

கிட்டார் பழக்கும் தமிழ்ப் பக்கம் ஒன்றில் "சி மேஜர் நாண்" என்று எழுதியிருப்பதையும் காட்டினாள். இருபது வருசமாக அந்தக் குழாயை வெட்டி ஒட்டுகிறேன். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சரியான விடை கொடுக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

களுவாஞ்சி கணிதம்:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அண்ணன். கணிதப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

வட்டம் ஒன்று கீறி, அதன் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். பிறகு கோட்டுக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் பெரிய பகுதியைக் கையால் மறைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் தெரிவது வளைத்துக் கட்டிய வில். வளைந்த பகுதிக்கு நம் பாடப்புத்தகத்திலும் பெயர் வில்தான். நேர்கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்கு ஒரு சின்னக் கோடு போட்டால் அது நாணில் பூட்டிய அம்பு. அந்த உயரத்துக்கு வடமொழிக் கணித நூல்களில் சரம், அதாவது அம்பு என்றே பெயர். இலத்தீனிலும் அதை அம்பு என்றுதான் சொன்னார்கள். ஆக வில், நாண், அம்பு என்று ஒரு முழு ஆயுதமே வட்டத்துக்குள் கிடக்கிறது.

இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தொலமி என்ற கிரேக்க வானியலாளர் நாண்களுக்கு ஓர் அட்டவணை செய்தார். ஆரையை 60 என்று வைத்துக்கொண்டு, அரைப் பாகை அரைப் பாகையாக 180 பாகை வரைக்கும் ஒவ்வொரு கோணத்துக்கும் நாணின் நீளம். 499இல் ஆரியபட்டர் முழு நாணை விட்டுவிட்டு அரை நாணை எடுத்தார். வானியல் கணக்குக்கு அரை நாண்தான் நேரே உதவுகிறது. ஆரை 3438 என்று வைத்தால் 30 பாகைக்கு அரை நாண் 1719, சரியாகப் பாதி. உங்கள் மகள் திரிகோண கணிதத்தில் சைன் 30 பாகை = 0.5 என்று எழுதுகிறாளே, அது இந்த அரை நாண்தான்.

சைன் என்ற பெயரும் நாணிலிருந்துதான் வந்தது. வடமொழியில் நாணுக்கு ஜ்யா, ஜீவா என்று பெயர். அரபு அறிஞர்கள் அதை ஜீபா என்று எடுத்துக்கொண்டார்கள். அரபு எழுத்தில் உயிர்க்குறி போடாமல் எழுதுவதால், பின்னால் வந்தவர்கள் அதே எழுத்துகளை ஜைப் என்று வாசித்துவிட்டார்கள். ஜைப் என்றால் மடி, சட்டையின் மடிப்பு. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போனபோது மடிப்பு என்ற பொருளில் சைனஸ் ஆயிற்று, அதுதான் சைன். வில்லின் கயிறு சட்டை மடிப்பாக மாறிய கதை இது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கும்.

ஆனபடியால் வடிவவியலில் நாண் என்பது இரவல் சொல் இல்லை. நம் பக்கத்தவர்கள் கண்ட உருவத்துக்கு நம் பக்கத்தவர்களே வைத்த பெயர்.

படுவான்கரையான்:

நாண் என்றவுடன் எனக்கு அரைநாண் ஞாபகம் வந்தது. பிறந்த பிள்ளைக்கு முப்பத்தொன்று கழித்து அரையில் கட்டுகிறோமே, அந்தக் கறுப்புக் கயிறு. மங்கல நாணும் அதே சொல். கட்டி இழுத்து நிறுத்துகிற கயிறு எல்லாம் நாண் போல.

கணித சேர் சொன்னதைப் படித்துவிட்டுக் கூத்துக் களரியையும் நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் வட்டக்களரி போடும்போது நடுவில் முளை அடித்து, கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்து அடையாளம் போடுவார்கள். அந்தக் கயிறு ஆரை. அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் நடுவில் நிற்கும். ஆகவே ஆட்டக்காரர் யாரும் விட்டத்தின் வழியே நேரே வெட்டிப் போக முடியாது. குறுக்கே போனால் அது நாண்தான், விட்டத்தைவிடக் குறைந்த நாண். சின்ன வயதில் விடிய விடிய இருந்து பார்த்த ஆட்டத்தில் இவ்வளவு கணிதம் இருந்திருக்கிறது.

நரம்பிசை:

கல்லடி அண்ணன், நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். சேர் சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம். ஆனால் சி மேஜரை நாண் என்று எழுதுவதற்கு என்னால் சம்மதிக்க முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஆங்கிலத்திலேயே அவை இரண்டு வேறு சொற்கள். வட்டத்தில் வருகிற சொல் இலத்தீனிலிருந்தும் அதற்கு முன் கிரேக்கத்திலிருந்தும் வந்தது. அதன் முதல் பொருள் விலங்கின் குடல், குடலைத் திரித்துச் செய்த நரம்பு. இசையில் வருவதோ இணக்கம், உடன்பாடு என்ற பொருளுள்ள வேறொரு சொல்லின் தலை தேய்ந்து வந்தது. பழைய எழுத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டே வேறு. பின்னால் வந்தவர்கள் நரம்புச் சொல்லின் எழுத்துக்கூட்டை இதற்கும் போட்டுவிட்டதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகின்றன. அவர்களின் எழுத்துக்கூட்டுத் தடுமாற்றத்தை நாம் ஏன் தமிழுக்கு இறக்க வேண்டும்?

இரண்டாவது, நம் இசையில் கம்பிக்கு நாண் என்ற பெயர் நிலைக்கவில்லை. யாழில் கட்டுவது நரம்பு. அதைவிடப் பெரிய விசயம், பழந்தமிழில் நரம்பு என்றால் கம்பியும்தான், அந்தக் கம்பி எழுப்புகிற சுரமும்தான். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் நரம்புகள். ஏழு நரம்புக்கும் உள்ள உறவைக்கூடக் குடும்ப உறவு மாதிரிச் சொல்லி வைத்தார்கள்: இணை, கிளை, நட்பு, பகை. நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நாலாவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. சிலப்பதிகாரத்தின் பழைய உரையில் இதெல்லாம் விளக்கமாக இருக்கிறது.

இப்போது சி மேஜரை எடுங்கள். சி, ஈ, ஜி. நம் கணக்கில் ச, க, ப. ச-வுக்குப் ப கிளை, பொருந்தி நிற்கும். க மூன்றாவது, பகை. மேல்நாட்டு இசையில் அந்த மூன்றாவதுதான் கோட்டின் உயிர். மேஜரா மைனரா என்று முடிவு செய்வதே அது. நாம் பகை என்று ஒதுக்கி வைத்த நரம்பை அவர்கள் நடுவில் இருத்தி மூன்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு காதுகள். எது உயர்த்தி எது குறைவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு வித்தியாசமான ஒன்றுக்கு நாண் என்று ஒற்றைக் கயிற்றின் பெயரை வைத்தால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. கோட் என்பது ஒரு கயிறு இல்லையே, மூன்று நரம்பின் கூட்டு. நான் வகுப்பில் சுரக்கூட்டு என்று சொல்கிறேன்.

நம் மண்ணில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியர், 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பழைய யாழ்களின் நரம்புகளைக் கணிதம் போட்டு நிறுவிக் காட்டினார். அதில் ஓர் இயலுக்கே இசைநரம்பியல் என்று பெயர். நூல் வெளிவந்து சில வாரங்களில் கண் மூடினார். கணிதம், இசை, சொல் மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்த மனிதர் வாழ்ந்த மாவட்டத்தில் நாங்கள் சொல்லைக் கண்டபடி கலக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

ஆறு கம்பி:

ரீச்சர், நான் கிட்டார் வாசிக்கிறவன். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். யாழே வில்லிலிருந்துதானே வந்தது? அம்பு விட்டவுடன் நாண் அதிர்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் வில்யாழ் செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இசைக்கம்பிக்குத் தாய் நாண்தான். கம்பியை நாண் என்று சொன்னால் பிழை என்ன? அதற்கு மேல் கோட்டையும் நாண் என்று சொன்னால் சொந்தக்காரச் சொல்தானே?

மற்றது, சுரக்கூட்டு என்றெல்லாம் நாங்கள் ஒத்திகையில் சொல்வதில்லை. "அடுத்தது ஏ மைனர் கோட்" என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. கோட்ஸ் என்றே விடலாம் என்பதும் என் எண்ணம்.

நரம்பிசை:

தம்பி, வில்யாழைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. அதற்குச் சங்க இலக்கியத்திலேயே சாட்சி இருக்கிறது, ஆனால் அந்தச் சாட்சி என் பக்கம் நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் காட்டிலேயே கருவி செய்து வாசிக்கிறான். குமிழ மரத்தின் உள்ளே துளையான கொம்பை வளைக்கிறான். மரலின் நாரைத் திரித்துக் கட்டுகிறான். அந்தக் கயிற்றைப் புலவர் என்ன பெயரால் சொல்கிறார் தெரியுமா? "மரற்புரி நரம்பின் வில்யாழ்." வில் இருக்கிறது, வெறும் நார்க் கயிறு இருக்கிறது, குடல்கூட இல்லை. நாண் என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தும் நரம்பு என்றுதான் சொன்னார். பாட்டுக்கு வந்தவுடன் கயிற்றின் பெயர் மாறிவிட்டது.

எய்வதற்கு இழுத்தால் நாண், இசைப்பதற்கு இழுத்தால் நரம்பு. இதைவிடத் தெளிவாகப் பிரிக்க முடியாது.

கோட்ஸ் என்றே சொல்லலாம் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை, தம்பி. ஒத்திகையில் அதுதான் ஓடும். நாண் என்று பிழையாகச் சொல்வதைவிடக் கோட் என்று சரியாகச் சொல்வது எவ்வளவோ மேல்.

ஆறு கம்பி:

மரற்புரி நரம்பு. ஓம் ரீச்சர், இதற்கு மேல் எனக்குப் பேச இடமில்லை. நாண் என்று எழுதிய அந்தப் பக்கத்துக்கு இதையே எழுதி அனுப்பப் போகிறேன்.

சாய்ந்தமருது எந்திரி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கட்டட வேலையில் இருக்கிறேன். மிச்சம் இருக்கிற பொட்டம் கோட் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ரீச்சர் பிரித்த இடத்திலேயே எங்கள் வேலையிலும் ஒரு பிரிவு வரும்.

இரண்டு மரத்தைக் கூம்பாக முகட்டில் சேர்த்துச் சுவர் மேல் நிறுத்துங்கள். மேலிருந்து பாரம் வந்தால் இரண்டு காலும் வெளியே அகலப் பார்க்கும். அகலாமல் இரண்டு நுனியையும் குறுக்கே ஒரு கயிற்றால் கட்டினால் நின்றுவிடும். அந்தக் கயிறுதான் பொட்டம் கோட். வளைந்து நிற்கும் வில்லின் இரண்டு நுனியையும் நாண் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறதோ அதே வேலை. வளைவான மேற்பகுதியும் நேரான கீழ்ப்பகுதியும் உள்ள பாலங்களை ஆங்கிலத்திலும் வில்நாண் பாலம் என்றே சொல்கிறார்கள். ஆகவே கீழே இருப்பதற்கு நாண் என்ற பெயர் அப்படியே பொருந்தும்.

ஒரு கணக்கையும் பார்ப்போம். சுவருக்குச் சுவர் 20 அடி, முகடு 5 அடி உயரம், முகட்டில் 400 கிலோ பாரம் என்று வையுங்கள். ஒவ்வொரு சுவரும் 200 கிலோ தாங்கும். 200ஐ அரை அகலம் 10ஆல் பெருக்கி, உயரம் 5ஆல் வகுத்தால் நாணில் இழுவை 400 கிலோ. இப்போது செலவைக் குறைக்கிறோம் என்று கூரையைத் தட்டையாக்கி முகட்டை இரண்டரை அடிக்கு இறக்கினால் அதே பாரத்துக்கு இழுவை 800 கிலோ. உயரம் பாதியானால் இழுவை இரண்டு மடங்கு. கல்லடிக் காக்காவுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை டொப் கோட்டில்தான். அது இழுபடுவதில்லை, நெரிபடுகிறது. கயிறை இழுக்கலாம், தள்ள முடியுமா? தள்ளினால் மடிந்துவிடும். ஆகவே மேல் நாண் என்று எங்கள் கலைச்சொல் பட்டியல்களில் எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கயிற்றுப் பொருள் மங்கிப் போனதால் அவர்களுக்கு உறுத்தவில்லை. தமிழில் நாண் என்றால் கயிறு கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. மேலே இருப்பதற்கு நாண் என்ற பெயர் பொய் சொல்கிறது.

விமான இறக்கையிலும் முன் ஓரத்திலிருந்து பின் ஓரத்துக்குப் போடும் நேர்கோட்டைக் கோட் என்பார்கள். அது வடிவவியல் நாண்தான், அதில் சிக்கல் இல்லை.

கொக்கட்டிச்சோலைத் தச்சன்:

எந்திரி தம்பி மேலே இருப்பதற்குப் பொருத்தமான பெயர் இல்லை என்கிறார். எங்களிடம் பெயர் இருக்கிறதே. சரிந்து போவது கைமரம். உச்சியில் கிடப்பது முகட்டு வளை. குறுக்கே சுவருக்குச் சுவர் போடுவது தீராந்தி. டொப் கோட்டுக்கு நீங்கள் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம், கைமரம் என்று எழுதுங்கள்.

தீராந்தியை வெட்டினால் என்ன நடக்கும் என்று எனக்கு அனுபவம் இருக்கிறது. தொழில் பழகி முடித்த புதிதில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். வீட்டுக்காரர் மண்டபம் உயரமாகத் தெரிய வேண்டும், குறுக்கே மரம் தெரியக் கூடாது என்றார். கூட இருந்த மூத்த பாஸ் வெட்டச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் வாய் திறக்கவில்லை. வெட்டினேன். மார்கழி மழையில் ஓடு நனைந்து பாரம் கூடியது. மாசியில் போய்ப் பார்த்தபோது இரண்டு பக்கச் சுவரும் மேலே வெளிப்பக்கம் சாய்ந்து, மூலையில் விரல் நுழைகிற வெடிப்பு.

மறுகா அதைச் சரி செய்ததையும் சொல்ல வேண்டும். மரத்துக்குப் பதிலாக ஒரு இரும்புக் கம்பி, இரண்டு நுனியிலும் மரை வெட்டி, சுவருக்கு வெளியே தகடு வைத்து நட்டுப் போட்டு இறுக்கினோம். ஒரே நாளில் இறுக்கவில்லை. காலை ஒரு சுற்று, மாலை ஒரு சுற்று என்று பல நாள். ஒவ்வொரு முறையும் கம்பியைச் சாவியால் தட்டிப் பார்ப்பேன். முதல் நாள் "தொப்" என்று செத்த சத்தம். இறுக இறுக "டங்", பிறகு "டிங்". சத்தம் ஏறிக்கொண்டே போனது. கண்ணால் பார்த்தால் கம்பி முதல் நாள் இருந்த மாதிரியேதான் இருந்தது. காதுதான் சொன்னது.

நரம்பிசை:

தச்சன் அண்ணன், நீங்கள் செய்தது சுருதி சேர்ப்பது! தம்பூராவில் பிரடையைத் திருகிக்கொண்டே நாங்கள் கேட்பது அதே ஏற்றத்தைத்தான். ஒரு கூரைக் கம்பி நாணாக இருந்துகொண்டே நரம்பாகவும் பேசியிருக்கிறது. எய்தால் நாண், இசைத்தால் நரம்பு என்று நான் போட்ட கோட்டை உங்கள் கம்பி தாண்டி நிற்கிறது.

சாய்ந்தமருது எந்திரி:

ரீச்சர், பெரிய பாலங்களிலும் இதைத்தான் செய்கிறோம். கம்பி வடத்தில் தொங்கும் பாலங்களில், வடம் எவ்வளவு இழுவையில் இருக்கிறது என்று அறிய, அதை அதிரவைத்துச் செக்கனுக்கு எத்தனை தரம் அதிர்கிறது என்று கருவியால் எண்ணுவார்கள். நீளமும் எடையும் தெரியும், அதிர்வும் தெரிந்தால் இழுவை தானாக வந்துவிடும். இழுவை நாலு மடங்கானால் அதிர்வு இரண்டு மடங்கு. கிட்டார் கம்பிக்கும் பாலத்து வடத்துக்கும் ஒரே சூத்திரம். தச்சன் காக்காவின் காது அந்தக் கருவியின் வேலையைச் செய்திருக்கிறது.

நான் முன்பு சொன்னதில் ஒரு திருத்தமும் போட வேண்டும். கீழ் நாணுக்கு எப்போதும் இழுவைதான் என்பது போல எழுதிவிட்டேன். தகரக் கூரையில் அப்படி நம்பிவிடக் கூடாது. 1978 நவம்பர் 23 சூறாவளியை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்படிப்பட்ட காற்று கூரையை மேலே உறிஞ்சித் தூக்கும். தகரத்தின் பாரத்தைவிட அந்தத் தூக்கு அதிகமானால் எல்லாம் தலைகீழாகும். மேலே இருப்பது இழுபடும், கீழே இருப்பது நெரிபடும். அந்த நேரத்தில் கீழே மெல்லிய கம்பி மட்டும் இருந்தால் நெளிந்து போகும். அதனால்தான் கல்லடிக் காக்காவின் வரைபடத்தில் கீழேயும் குழாய் போட்டிருக்கிறார்கள். நாண் என்ற பெயரை நம்பிச் செலவு குறைக்கக் குழாயைக் கம்பியாக மாற்றிவிடாதீர்கள்.

களுவாஞ்சி கணிதம்:

தீராந்தி பற்றி ஒரு சின்னக் குறிப்பு. அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் திராந்தே என்றால் இழுக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது. கதிரை, ஜன்னல், அலுமாரியோடு இதுவும் வந்து தச்சர் வாயில் தங்கிவிட்டது. எந்திரி தம்பி தேடிய பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது: இழுபடுகிற மரம்.

தச்சன் அண்ணனிடம் ஒரு கேள்வி. ஜன்னலுக்கு மேல் வளைவு போடும்போது ஆரையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கொக்கட்டிச்சோலைத் தச்சன்:

மேசன் பாஸ்மார் சொல்லித் தந்த முறை ஒன்று இருக்கிறது, சேர். ஜன்னல் 4 அடி அகலம், நடுவில் வளைவு 8 அங்குலம் ஏற வேண்டும் என்று வையுங்கள். அரை அகலம் 24 அங்குலம். 24ஐ 24ஆல் பெருக்கினால் 576. அதை 8ஆல் வகுத்தால் 72. ஏற்றம் 8ஐக் கூட்டினால் 80. பாதி 40. ஆரை 40 அங்குலம். வளைவின் உச்சியிலிருந்து நேர் கீழே 40 அங்குலத்தில் ஓர் ஆணி அடித்து, 40 அங்குல நூலில் பென்சிலைக் கட்டிக் கீறினால் இரண்டு மூலையிலும் மயிரிழை பிசகாமல் வந்து இருக்கும். ஏன் வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

களுவாஞ்சி கணிதம்:

அருமை. அண்ணன், உங்கள் அகலம்தான் நாண், ஏற்றம்தான் அம்பு. மையத்திலிருந்து நாணுக்குப் போடும் செங்குத்து நாணை இரண்டு சம பங்காக்கும் என்று கல்லடி அண்ணனின் மகள் படிக்கிற தேற்றம்தான் இதற்கு அடிப்படை. ஆணியிலிருந்து நாணுக்கு 40இல் 8 போக 32. அரை நாண் 24. ஆரை 40. 24, 32, 40 மூன்றையும் 8ஆல் வகுத்தால் 3, 4, 5. நீங்கள் மூலைமட்டம் பார்க்கிற அதே 3, 4, 5. பைதகரஸ் தேற்றம் உங்கள் நூலில் கட்டியிருந்திருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே நாளை பதினோராம் ஆண்டு வகுப்புக்குக் கொடுக்கப் போகிறேன்.

நரம்பிசை:

சேர் கணக்குக் கொடுத்ததால் நானும் ஒன்று கொடுக்கிறேன், கல்லடி அண்ணனின் மகளுக்கு. ஒரு பலகையில் இரண்டு ஆணி, இடையில் 90 சென்ரிமீற்றர் கம்பி. முழுக் கம்பியைத் தட்டினால் அது ச என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 சென்ரிமீற்றரில் கட்டை வைத்து அந்த நீளப் பகுதியைத் தட்டினால் க. 60 சென்ரிமீற்றரில் வைத்தால் ப. 45இல் மேல் ச. மூன்று பலகை செய்து 90, 72, 60 மூன்றையும் ஒரே நேரத்தில் தட்டினால் அதுதான் சி மேஜரின் உருவம். கிட்டாரில் ச-விலிருந்து மேல் ச வரைக்கும் பன்னிரண்டு சமமான சுரப்படிகளாகப் பிரித்திருப்பதால் க இம்மியளவு ஏறி நிற்கும். கூர்ந்து கேட்டால் அவளுக்கே பிடிபடும். ஒரு கோட்டுக்கு எத்தனை நரம்பு வேண்டும் என்று கையால் செய்து பார்த்தால் நாண் என்ற பெயர் ஏன் பொருந்தாது என்று நான் சொல்லத் தேவையிருக்காது.

படுவான்கரையான்:

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றுக் கோயிலில் உடுக்கடிப்பவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புக் கயிற்றை அவர் விரலால் நெருக்கும்போது சத்தம் ஏறுகிறது, விடும்போது இறங்குகிறது. அதுவும் இழுவைதான். அந்தக் கயிற்றுக்கு நாண் என்று பெயரா நரம்பு என்று பெயரா என்று கேட்டேன். "கயிறு" என்றார்.

கல்லடிக் கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து நாளாக இதைத்தான் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறு பின்னேரம் மகளைப் புதிய பாலத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நின்று பார்த்தால் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பாலம், லேடி மானிங் பாலம், இரும்புச் சட்டம் சட்டமாகத் தெரியும். எது இழுபடும், எது நெரிபடும் என்று அவளே விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பௌர்ணமி இரவில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று என் அப்பா சொன்ன கதையையும் சொன்னேன். "அப்ப துடுப்பும் நரம்புதான் அப்பா" என்றாள். அது சரியோ தெரியாது, ரீச்சர்தான் சொல்ல வேண்டும்.

பலகை ஒன்றுதான் செய்தோம், மூன்றுக்கு இடமில்லை. பழைய கிட்டார் கம்பி ஒன்று, பட்டறையில் கிடந்த சதுரக் குழாய் ஒன்று. 90, 72, 60, 45 என்று பென்சிலால் அடையாளம் போட்டோம். 60இல் ப வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. 72இல் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, கிட்டாரை எடுத்து ஒத்துப் பார்த்து, "ரீச்சர் சொன்னது உண்மை, கிட்டார் கொஞ்சம் ஏறி நிற்கிறது" என்றாள். எனக்கு அந்த வித்தியாசம் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

இன்று காலை அக்கரைப்பற்றுக்குப் போக வேண்டிய ட்ரஸ் நாலும் முடிந்து முற்றத்தில் கிடந்தன. பாடசாலைக்குப் போகும் அவசரத்திலும் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, கீழ்க் குழாயில் நாண் என்றும் சரிந்த குழாயில் கைமரம் என்றும் நாலிலும் எழுதிவிட்டுப் போனாள். லொறிக்காரர் வந்து ஏற்றும்போது துடைக்கவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே போகட்டும் என்றேன்.